அந்த வாச்சருக்கு என்ன நடந்தது?

அக்காவின் மகள் கதை எழுதுகிறாள். வயது 16. ஓ.எல். சோதனை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிற காலம். கணினி வகுப்புக்குப் போ, ஆங்கில வகுப்புக்குப் போ என்று அக்கா ஒரு பக்கம் கத்த, இவள் கொப்பியும் பேனையுமாக எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நான்காம் மாடி. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்தச் சத்தம் இருந்தால்தான் தனக்கு எழுத வருகிறது என்கிறாள். உண்மைக் காரணம் எங்கள் வைஃபை என்று எனக்குத் தெரியும். சரி, இருக்கட்டும்.

என்ன கதை என்று கேட்டால் சூனியம், பழிவாங்கல், காதல். மூன்றும் ஒரே கொப்பியில். இவள் 2022 மின்வெட்டுக் காலத்தில் வாசிக்கத் தொடங்கியவள். ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஃபோன் வெளிச்சத்தில் தடித்த தடித்த ஆங்கில நாவல்களாக வாசித்துத் தள்ளினாள். எல்லாம் மூன்று பாகக் கதைகள். எல்லாவற்றிலும் 17 வயதுப் பெண் ஒருத்தி, அவளுடைய ஊரை எரித்த அரசன், அந்த அரசனின் மகன், அந்த மகனுக்கு அழகான தாடை எலும்பு. அட்டையில் ஒரு வாள், ஒரு கிரீடம், கொஞ்சம் முள்ளுக்கொடி. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் பாய்ந்த வருடம் அது. வெளிநாட்டுப் புத்தகம் காசு கொடுத்து வாங்குவதை எங்கள் வீட்டில் யாரும் நினைத்தும் பார்க்கவில்லை. அதனால் வகுப்பில் ஒரே புத்தகம் கை மாறிக் கை மாறி வரும், வரும்போது முதுகு பிரிந்திருக்கும். ஒருமுறை இரண்டாம் பாகம் யாரோ ஒருத்தியிடம் சிக்கிக்கொண்டதால் முதலாம் பாகத்தை முடித்துவிட்டு நேரே மூன்றாம் பாகத்தை எடுத்தாளாம். விளங்காமல் போனது ஒன்றுமே இல்லையாம். இரண்டாம் பாகங்களைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் நான் கேட்டதில்லை.

இப்போது அவளே ஒரு இரண்டாம் பாகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

முதல் பாகம் போன வருடமே முடிந்துவிட்டது, இரண்டு சீ.ஆர். கொப்பி. நான் சித்தி என்பதால் சொல்லவில்லை, அதில் சில இடங்கள் நன்றாகவே இருக்கின்றன. கதாநாயகியின் பெயரைக் கிழமைக்கு ஒருமுறை மாற்றுகிறாள் என்பதால் நான் இங்கே பெயர் போடவில்லை. அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதுகிறவர். செய்யாத களவை அவர் தலையில் கட்டி முதலாளி உள்ளே தள்ளிவிட, ரிமாண்டில் மனிதர் செத்துப்போகிறார். மகள் செட்டியார் தெருப் பக்கம் வெற்றிலை விற்கிற ஒரு கிழவியிடம் சூனியம் படிக்கப் போகிறாள். தேசிக்காயை வெட்டினால் ஒன்று நடக்கும், வெட்டாமல் கையால் கசக்கினால் வேறொன்று நடக்கும். ஆனால் ஒவ்வொரு தடவை மந்திரம் சொல்லும்போதும் அவளுடைய ஞாபகத்திலிருந்து ஒரு துண்டு கழன்று போய்விடும். எது போகும் என்று அவளால் தெரிவு செய்ய முடியாது. முதலில் சின்னச் சின்னச் சாமான்கள் போகின்றன: ஒரு பள்ளிக்கூடப் பாட்டு, பக்கத்து வீட்டு நாயின் பெயர். பிறகு அப்பாவின் குரல் போய்விடுகிறது. யாருக்காகப் பழிவாங்கப் புறப்பட்டாளோ அவருடைய குரலே ஞாபகம் இல்லை, ஆனாலும் தேசிக்காயைக் கையிலிருந்து வைக்க மனமில்லை. 15 வயதில் இதை எழுதியிருக்கிறாள். நான் அந்த வயதில் சினிமாப் பாட்டுக்குக் கொப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி அத்தியாயத்தில் ஒன்பது தேசிக்காய் வைத்து, நள்ளிரவில் முதலாளியின் ஸ்டோரை எரிக்கிறாள். முதலாளி உள்ளே. தெருவுக்கு மற்றப் பக்கம் முதலாளியின் மகன் நின்று பார்க்கிறான். (அவன்தான் காதல். வேறு யாராக இருக்கும்.) நெருப்பு வெளிச்சத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதோடு முதல் பாகம் முற்றும்.

பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. வில்லன் செத்துவிட்டான், பழி தீர்ந்துவிட்டது, இரண்டாம் பாகத்தில் இனி என்ன செய்வது?

நாற்பது பக்கம் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். மகன்காரன் ஒரு காரணமும் சொல்லாமல் லண்டன் போய்விடுகிறான். நுவரெலியாவிலிருந்து சாம்பல் நிறக் கண்ணோடு ஒரு புதுப் பொடியன் வருகிறான். நுவரெலியாவில் சாம்பல் கண் எங்கே விளைகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. செத்த முதலாளிக்கு மேலே இன்னொரு பெரிய முதலாளி இருந்தாராம், அவருக்கும் மந்திரம் தெரியுமாம். வெற்றிலைக் கிழவி உண்மையில் கெட்டவளாம். நடுவில் கதாநாயகியும் மகன்காரனும் ஃபோனில் சண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் ஒரே ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டை அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும், ஆனால் அந்த வசனத்தை மட்டும் 18 பக்கத்துக்கு யாருமே சொல்லவில்லை.

நான் சொன்னேன், இது நீ வாசித்த புத்தகங்களின் இரண்டாம் பாகம், உன்னுடைய கதையின் இரண்டாம் பாகம் இது இல்லை. முகம் சுருங்கிவிட்டது. பிளேன்டீ போட்டுக் கொடுத்து, முதல் பாகத்தைத் திரும்ப எடு, கடைசி அத்தியாயத்தை இன்னொரு தரம் பார்ப்போம் என்றேன். அப்போதுதான் அந்த வரி என் கண்ணில் பட்டது. எரிப்பதற்கு முந்திய பக்கம், மேலிருந்து நாலாவது வரி: "வாசலில் வாச்சர் கதிரையில் நித்திரையாக இருந்தார்."

அடுத்த பக்கம் நெருப்பு. வாச்சரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை.

"அந்த வாச்சருக்கு என்ன நடந்தது?"

"எந்த வாச்சர்?"

விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள்.

"அது சும்மா சித்தி. வாசல்ல ஒருத்தரும் இல்லையெண்டா நம்பமாட்டினம் எண்டு போட்டது."

"அப்ப அவர் செத்துப்போனாரா, தப்பினாரா?"

"ஐயோ சித்தி, அவர் கதையிலயே இல்லை!"

அன்று இரவு முழுக்க எனக்கு அந்த வாச்சர்தான் நினைவில். அடுத்த சனிக்கிழமை இவளைப் பிடித்து இருத்தி, மணிமேகலையை எடுத்தேன்.

முதலில் பெரிய எதிர்ப்பு. பள்ளிக்கூடத்தில் "இரட்டைக் காப்பியங்கள் எவை?" என்று கேட்டால் சிலப்பதிகாரம், மணிமேகலை என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு போகிறதோடு எங்கள் எல்லோருக்கும் அந்தப் புத்தகத்தோடு இருந்த உறவு முடிந்துவிடும். அது ஒரு இரண்டாம் பாகம் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதுவும் மந்திரம், பழி, காதல் எல்லாம் இருக்கிற, கதாநாயகி இளம்பெண்ணாக இருக்கிற இரண்டாம் பாகம். சுடுகாட்டில் பேய் வருகிறது, ஆள் மாறாட்டக் கொலை இருக்கிறது, பறக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு நகரத்தைக் கடல் கொண்டுபோகிறது. பயந்து செத்த மகனைத் திருப்பிக் கேட்டுச் சம்பாபதித் தெய்வத்தோடு வாதாடுகிற ஒரு தாயை மட்டும் வைத்தே ஒரு தனிப் புத்தகம் எழுதலாம். உ.வே. சாமிநாதையர் 1898 இல் அதை அச்சில் கொண்டுவந்ததிலிருந்து கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது, நாங்கள் மதிப்பெண்ணுக்கு மட்டும் தொட்டுவிட்டு வைத்துவிடுகிறோம்.

இரண்டாம் பாகத்தை யாரிடமிருந்து தொடங்கியிருக்கிறார் சாத்தனார் என்று பாருங்கள். கோவலன் செத்தாயிற்று, மதுரை எரிந்தாயிற்று, கண்ணகி தெய்வமாகியாயிற்று. முதல் பாகத்து ஆட்கள் யாரையும் வைத்து இழுக்க முடியாது. அவர் என்ன செய்தார், முதல் பாகத்தில் ஓரமாக நின்ற பிள்ளையைக் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து விட்டார். மாதவியின் மகள். சிலப்பதிகாரத்தில் அவள் பிறக்கிறாள், பெயர் வைக்கிறார்கள், கடைசியில் துறவியானாள் என்று ஒரு செய்தி வருகிறது, அவ்வளவுதான். இரண்டாம் பாகம் தொடங்கும்போது புகாரில் 28 நாள் இந்திரவிழா, ஊரே ஆட்டம் பார்க்கக் காத்திருக்கிறது, மாதவியும் மகளும் ஆட வரவில்லை. மகள் பூத் தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவுக்கு நடந்த கதையைக் கேட்டு அழுகிறாள், கண்ணீர் விழுந்து மாலை கெட்டுப்போகிறது. சாமிக்கு வேறு பூ வேண்டும் என்பதற்காகத்தான் அவள் வீட்டைவிட்டு வெளியே இறங்குகிறாள். ஒரு மாலை நனைந்து கதை தொடங்குகிறது. சின்னவள் இந்த இடத்தில் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பூப் பறிக்கப் போன இடத்துக்கு இளவரசன் உதயகுமாரன் தேரில் வந்துவிடுகிறான். மணிமேகலை பளிங்கு மண்டபத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். அவன் வெளியே நின்று அவளைக் கேவலமாகத்தான் பேசுகிறான், கற்பில்லாதவள், விலைக்கு வருகிறவள் என்கிற மாதிரி. அவன் போன பிறகு மணிமேகலை தோழி சுதமதியிடம் ஒன்று சொல்கிறாள்: இப்படி இழிவாகப் பேசினான் என்று தெரிந்தும் என் நெஞ்சு அவன் பின்னால் போய்விட்டதே, காமத்தின் இயல்பு இதுதானா?

"சித்தி, உண்மையா அப்பிடி இருக்கா?"

உண்மையாக இருக்கிறது. இவளுடைய ஆங்கில நாவல்களில் இந்த மாதிரிப் பொடியன்களுக்குத்தான் தாடை எலும்பு கொடுத்து, கடைசியில் திருத்தி, முத்தம் கொடுக்க வைப்பார்கள். எதிரி காதலனாகிறதில் எனக்கும் கொஞ்சம் பைத்தியம் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஆனால் துரத்துகிறதை எல்லாம் காதல் என்று எழுதுகிறபோது எனக்குப் பக்கம் திருப்பக் கை வருவதில்லை. வெள்ளவத்தை பஸ் தரிப்பிடத்தில் ரியூஷன் முடிந்து நின்ற காலத்தில் இந்த மாதிரி உதயகுமாரன்களை நானும் கண்டிருக்கிறேன், அவர்களுக்குத் தேர் மட்டும்தான் இல்லை. சாத்தனார் இரண்டையும் ஒளிக்கவில்லை. அவன் செய்வது பிழை, அவளுக்கு மனம் இழுபடுகிறது, இரண்டும் உண்மை. பிறகுதான் முற்பிறப்புக் கதை வருகிறது, போன பிறவியில் அவன் இராகுலன், இவள் இலக்குமி, கணவன் மனைவி, பாம்பு தீண்டி அவன் சாக இவள் தீப்பாய்ந்தவள். இந்த முற்பிறப்பு விஷயத்தை இந்தக் காலத்து எழுத்தாளர் யாராவது கையில் எடுத்திருந்தால் உடனே இரண்டு பேரையும் சேர்த்து வைத்திருப்பார். சாத்தனார் சேர்க்கவில்லை.

இந்த முற்பிறப்பை அவள் அறிகிற இடம் மணிபல்லவம். மணிமேகலா தெய்வம் அவளைத் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டு போய் விடுகிற தீவு. அது எங்கள் நயினாதீவுதான் என்று பலர் சொல்வார்கள். போன வருடம் குறிகட்டுவானில் படகேறிப் போனோம், இவள் போகும்போது வாந்தி, வரும்போது வீடியோ. அதே தீவைச் சிங்களவர்கள் நாகதீபம் என்கிறார்கள். இரண்டு நாக அரசர்கள் ஓர் ஆசனத்துக்காகச் சண்டை பிடிக்க, புத்தர் வந்து சண்டையைத் தீர்த்த கதை மணிமேகலையிலும் இருக்கிறது, மகாவம்சத்திலும் இருக்கிறது. மகாவம்சத்தில் அவர்கள் மாமனும் மருமகனும். "நான் வாந்தி எடுத்தது மணிபல்லவத்துக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பெருமைப்பட்டாள்.

சரி, மந்திரத்துக்கு வருவோம். அந்தத் தீவில் அவளுக்கு மூன்று மந்திரம் கிடைக்கிறது. வேற்று உருவம் எடுக்க ஒன்று, வானத்தில் போக ஒன்று, பசி தாங்க ஒன்று. பிறகு அமுதசுரபி. எல்லாம் நல்ல மந்திரம், ஒன்றிலும் தேசிக்காய் இல்லை. ஆனால் இந்தக் கதையில் ஆளைக் கொல்வது அந்த நல்ல மந்திரம்தான், அதைத்தான் நான் சின்னவளுக்குக் காட்ட விரும்பினேன்.

நடப்பது இதுதான். காயசண்டிகை என்று ஒருத்தி. வித்தியாதரன் ஒருவனின் மனைவி. 12 வருடத்துக்கு ஒருமுறை பழுக்கிற ஒற்றை நாவல் பழம், ஒரு முனிவர் சாப்பிடுவதற்கு இருந்தது, அதை இவள் காலால் மிதித்துவிடுகிறாள், 12 வருடம் தீராத பசி என்று சாபம். மணிமேகலை அமுதசுரபிச் சோற்றைக் கொடுத்து அந்தப் பசியைத் தீர்க்கிறாள். காயசண்டிகை சந்தோஷமாகத் தன் ஊருக்குப் பறந்து போய்விடுகிறாள். இங்கே உதயகுமாரன் விடாமல் துரத்துகிறான் என்பதால் மணிமேகலை உருவம் மாற்றும் மந்திரத்தைச் சொல்லி, போனவளின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். யாருக்கு என்ன நட்டம்? அந்த நேரம் பார்த்துக் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், 12 வருடம் முடிந்துவிட்டது என்று மனைவியைக் கூட்டிப்போக வந்து நிற்கிறான். அவன் மனைவி அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறொரு பொடியனோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். இரவு அந்தப் பொடியன் மண்டபத்துக்குள் வர, ஒளிந்திருந்தவன் வாளால் வெட்டிவிடுகிறான். செத்தது இளவரசன் உதயகுமாரன். அதோடு முடியவில்லை. உண்மையான காயசண்டிகை வீடு போய்ச் சேரவே இல்லை. விந்திய மலைக்கு மேலே பறந்ததால் அந்த மலையைக் காக்கிற விந்தகடிகை அவளை இழுத்து வயிற்றில் அடக்கிக்கொண்டாள். 12 வருடம் பசியோடு இருந்து, பசி தீர்ந்து, வீட்டுக்குப் போகிற வழியில், இன்னொருத்தியின் பசிக்குள். இதைத் தூணில் இருக்கிற ஒரு பாவை சொல்லித்தான் காஞ்சனனே அறிகிறான்.

சின்னவள் வாயைத் திறந்தபடி இருந்தாள். "இது மூண்டாம் பாகத்துக்கு வைச்சிருக்க வேண்டிய ட்விஸ்ட் சித்தி!"

பிறகு பழி. இளவரசனின் தாய், இராசமாதேவி, வெளியே அழாமல் உள்ளே கருவுகிறாள். மணிமேகலையைத் தன்னோடு வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, பைத்தியம் பிடிக்க மருந்து கொடுக்கிறாள். காசு கொடுத்து ஒருவனை அனுப்புகிறாள், மணிமேகலை ஆண் உருவம் எடுத்துக்கொள்ள அவன் பயந்து ஓடிவிடுகிறான். நோய் என்று சொல்லிப் புழுங்குகிற அறையில் சோறில்லாமல் பூட்டுகிறாள், பசி மந்திரம் காப்பாற்றுகிறது. மூன்று மந்திரமும் கிடைத்தபோது பறக்கவும் ஒளியவும் என்று நினைத்திருப்பாள் பிள்ளை, கடைசியில் அவை உதவுவது பழிவாங்க வந்த ஒரு தாயின் முன்னால். மணிமேகலை திருப்பி அடிக்கவில்லை. நீ அழுவது உடலுக்கா உயிருக்கா, உடலுக்கு என்றால் அதைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார் என்று கேட்கிறாள். புத்திரசோகத்தில் இருக்கிறவளிடம் இப்படிக் கேட்கலாமா என்று எனக்கு இன்றைக்கும் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் மணிமேகலையை விட அரசிக்குத்தான் என் கண் கலங்கும். ஆனால் ஒரு இரண்டாம் பாகம் வில்லியை இப்படி ஒரு தாயாக வைத்திருக்கிறதே, அது போதும்.

இனி நான் சொல்ல வந்த இடம். மணிமேகலை வஞ்சி நகருக்குப் போகிறாள், அங்கே கண்ணகிக்குக் கோவில். சிலையின் முன் நின்று தாயே என்று கூப்பிட்டு, ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறாள். கண்ணகி பதில் சொல்கிறாள். முதல் பாகத்துக் கதாநாயகி, இரண்டாம் பாகத்தில், எரித்ததைப் பற்றிப் பேசுகிறாள்! கோவலன் போன பிறவியில் செய்த வினைதான் இப்படி வந்தது என்று மதுராபதித் தெய்வம் என்னிடம் வந்து சொன்னது, சொன்ன பிறகும் கோபம் அடங்காமல் அந்த நகரத்தை அழித்தேன், இப்போது நல்வினைக்குத் தேவலோகத்தில் இருக்கிறேன், அது முடிந்ததும் அந்தக் கோபத்தின் பாவம் என்னை வந்து சேராமல் விடாது. இதுதான் அவள் சொல்வது. கோவலனின் அந்தப் பழைய வினை என்னவென்றால், ஒரு வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தது. அந்த வணிகனின் மனைவி நீலி, எங்களுக்கு இதைச் செய்தவர்களுக்கும் இதுவே நடக்கட்டும் என்று சபித்துவிட்டுச் சாகிறாள். கண்ணகிக்கு முதலே ஒரு கண்ணகி இருந்திருக்கிறாள், கோவலன்தான் அந்தக் கதையின் வில்லன்.

மதுரையை எரிக்கும்போது கண்ணகி நெருப்புக்கு ஒரு பட்டியல் கொடுத்தாள், ஞாபகம் இருக்கிறதா? பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்கள், வயதானவர்கள், குழந்தைகள், இவர்களை விட்டுவிடு. சின்னவளைக் கேட்டேன், அந்தப் பட்டியலில் வாச்சர் இருக்கிறாரா?

விரல் விட்டு எண்ணினாள். "வயசான வாச்சரெண்டா தப்பியிருப்பார்."

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் சொந்த அனுபவமும் உண்டு. சூனியம், செய்வினை எல்லாம் எங்களுக்குக் கதைப் புத்தகத்தில் மட்டும் இருக்கிற சாமான் இல்லையே. ஹிக்கடுவைக்குக் கிட்ட சீனிகம தேவாலயத்தில், அநியாயம் செய்தவனுக்குத் தண்டனை கேட்டு அம்மியில் மிளகாயும் மிளகும் அரைப்பார்கள். நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு அக்கா, வீட்டில் நகை களவு போனபோது அங்கே போய் அரைத்துவிட்டு வந்தார். கை எரிந்தது என்று இரண்டு நாள் உள்ளங்கையை விரித்துக் காட்டிக்கொண்டு திரிந்தார். மூன்றாம் கிழமை அவருடைய கணவரின் தம்பி மோட்டார் சைக்கிளால் விழுந்து கால் முறிந்தது. தற்செயலாகத்தான் இருக்கும், நான் இதையெல்லாம் நம்புகிற ஆளும் இல்லை. ஆனால் அன்றையிலிருந்து அந்த அக்கா நகையைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டார். மத்தியானம் எங்களோடு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். கேட்டதற்குப் பசியில்லை என்றார். பழிவாங்கல் கதை எழுதுகிற எல்லோரும் அரைக்கிற இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பாகம் இருப்பது மூன்றாம் கிழமையில்.

இன்னொன்று, அம்மம்மா மட்டக்களப்புப் பக்கம். அங்கே வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறந்து, வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்தி வரும். எரித்த சூடு இன்னும் அம்மனில் இருக்கிறது, அதைக் குளிர வைக்கவேண்டும் என்பதுதான் சடங்கு. குளிர்த்திப் பாட்டுப் படிப்பார்கள். சின்ன வயதில் அம்மம்மாவின் மடியில் இருந்து கேட்டபோது அது ஏதோ தாலாட்டு என்று நினைத்தேன். எத்தனை நூறு வருடம் கழிந்தும் ஒவ்வொரு வருடமும் ஒருத்தியின் கோபத்துக்குத் தண்ணீர் காட்டவேண்டி இருக்கிறது என்றால், அந்த நெருப்பு ஒரே இரவில் அணைந்த நெருப்பா? சிங்களவர்களும் அவளைத்தான் பத்தினித் தெய்யோ என்று கும்பிடுகிறார்கள், கொழும்பிலிருந்து நவகமுவைத் தேவாலயத்துக்கு ஒரு பஸ் ஓட்டம்தான். முதல் பாகத்தில் எரித்தவளை இரண்டு மொழியில் இன்னும் ஆற்றிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பார்த்தால் சின்னவள் என்னைக் கவனிக்கவே இல்லை, கொப்பியின் பின்பக்கத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். சரிதான், எல்லாம் காற்றோடு போயிற்று என்று எழும்பி இடியப்பத்துக்கு மா குழைக்கப் போனேன். அன்றிரவு அக்கா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள், கொப்பியை மறந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் திறந்து பார்க்கவில்லை. (பார்த்தேன். ஒரு கதிரையின் படம் மட்டும் இருந்தது.)

பத்து நாளாக ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் இரவு 12 மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது, அக்காவுக்குக் கேட்காமல் போர்வைக்குள் இருந்து குசுகுசுத்திருக்கிறாள். பழைய நாற்பது பக்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டாளாம். சாம்பல் கண் பொடியன் போய்விட்டான், பெரிய முதலாளியும் போய்விட்டார். புதுப் பொடியன் ஒருவன் வருகிறான், மெயின் வீதியில் ஃபோன் திருத்துகிற கடையில் வேலை. இரவில் எரிந்த ஸ்டோருக்கு முன்னால் வந்து கதிரை போட்டு இருப்பான். அவனிடம் ஒரு பழைய டோர்ச் இருக்கிறது, ஒரு பக்கம் உருகியது, எரியாது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் பற்றரி மாற்றுவான். அப்பாவை எரித்தவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கதாநாயகியிடமே வந்து உதவி கேட்கிறான். அவளுக்கு அவனைப் பிடித்துப்போகிறது. சேர்ந்து தேடத் தொடங்குகிறார்கள்.

நான் உடனே எழும்பி உட்கார்ந்து குரலில் பதில் அனுப்பினேன். எல்லாம் சரி, நல்லாயிருக்கு, ஆனால் அவளுக்குத்தானே தெரியும் எரித்தது தான்தான் என்று? வாசலில் வாச்சர் நித்திரையாக இருந்ததை அவள் கண்ணால் கண்டவள், அவனோடு சேர்ந்து எப்படித் தேடுவாள்? அவ்வளவு பெரிய கள்ளியா?

நீல நிற அடையாளம் உடனே விழுந்தது. பதில் எழுத்தில் வந்தது.

"அவளுக்கு வாச்சரை ஞாபகம் இல்லை சித்தி. ஒன்பதாவது தேசிக்காய்க்கு அதுதான் போனது."